டிபிஓ ஆகப் பதிவு எண் வேண்டுமா?

கேள்வி: எங்கள் நிறுவனம் மற்ற நிறுவனங்களுக்குச் சம்பளக் கணக்கு மென்பொருளை நடத்தித் தருகிறது. வாடிக்கையாளர்களில் சிலர் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கிறார்கள். நான் இங்கே தகவல் பாதுகாப்பு மேலாளர். ஒரு வாடிக்கையாளர் அனுப்பிய படிவத்தில், 'உங்கள் தரவுப் பாதுகாப்பு அலுவலர் (டிபிஓ) பதிவு பெற்றவரா? சான்று இணைக்கவும்' என்று கேட்டிருக்கிறார்கள். நிர்வாகம் அந்தப் பொறுப்பையும் என்னையே ஏற்கச் சொல்கிறது. ஒரு பயிற்சி நிறுவனம் ஐந்து நாள் வகுப்பு, கடைசி நாளில் தேர்வு, 'ஆயுள் முழுக்கச் செல்லுபடியாகும் டிபிஓ பதிவு எண்' எல்லாம் சேர்த்துத் தருவதாகச் சொல்கிறது. சேரலாமா? மருத்துவர், வழக்கறிஞர் போல டிபிஓக்களுக்கும் பதிவேடு உண்டா? இரண்டு பொறுப்பையும் நானே பார்க்கலாமா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

அந்தப் பயிற்சிக்கு இப்போது பணம் கட்ட வேண்டாம். காரணத்தைச் சொல்கிறேன். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது பதிவு எண் அல்ல, கடைசிக் கேள்விதான். அதற்கும் வருகிறேன்.

ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆரில் டிபிஓவுக்கு உரிமம் கிடையாது. மருத்துவக் கவுன்சில் போல, பெயர் இருந்தால்தான் தொழில் செய்யலாம் என்ற பதிவேடும் கிடையாது. தகுதி பற்றிப் பிரிவு 37(5) சொல்வது இவ்வளவுதான்: தொழில்முறைத் தகுதி, குறிப்பாகத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் நடைமுறையிலும் ஆழ்ந்த அறிவு, பிரிவு 39-இல் உள்ள பணிகளைச் செய்யும் திறன். எந்தப் பட்டம், எந்தத் தேர்வு என்று சட்டம் குறிப்பிடவில்லை.

'பதிவு' என்ற ஒரே சொல்லைப் போட்டு மூன்று வெவ்வேறு விஷயங்களைப் பேசுவதால்தான் இந்தக் குழப்பம்.

முதலாவது, கண்காணிப்பு ஆணையத்துக்கு, அதாவது அந்தந்த நாட்டில் இந்தச் சட்டத்தை அமல்படுத்தும் அமைப்புக்கு, தெரிவிப்பது. பிரிவு 37(7)-இன்படி டிபிஓவை நியமித்த நிறுவனம் அவருடைய தொடர்பு விவரங்களை வெளியிட வேண்டும், ஆணையத்துக்கும் தெரிவிக்க வேண்டும். பல நாடுகளில் இதற்கு இணையப் படிவம் இருக்கிறது. நிரப்பி அனுப்பினால் ஒப்புகை வரும். அந்த ஒப்புகை உங்கள் திறமைக்குச் சான்று அல்ல. நிறுவனத்தில் யாரைத் தொடர்புகொள்வது என்பதற்கான பதிவு மட்டுமே. இதைச் செய்ய வேண்டியது நிறுவனம், தனிநபர் அல்ல. பயிற்சி நிறுவனத்துக்கு இதில் எந்த வேலையும் இல்லை.

இரண்டாவது, தொழில்முறைச் சங்கங்களின் உறுப்பினர் பட்டியல். சில நாடுகளில் டிபிஓ சங்கங்கள் நடத்தை நெறிகள் வகுத்து, அவற்றை ஏற்போரைச் சேர்த்துக்கொள்கின்றன. நல்ல காரியம்தான், ஆனால் விருப்பத்தின் பேரில் சேர்வது.

மூன்றாவது, தனிநபர் திறன் சான்றிதழ். இங்கேதான் தரம் என்ற கேள்விக்கு ஓரளவு பொருள் உண்டு. தனிநபர்களுக்குச் சான்றளிக்கும் அமைப்புகளுக்கான சர்வதேசத் தரநிலை ஐஎஸ்ஓ/ஐஇசி 17024. சான்றளிக்கும் அமைப்பு இந்தத் தரநிலைப்படி அங்கீகாரம் பெற்றதா என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

இரண்டு ஐரோப்பிய நாடுகள் செய்ததைப் பார்த்தால், ஒழுங்கான சான்று எப்படி இருக்கும் என்பது விளங்கும். ஸ்பெயினின் ஆணையம் வகுத்த டிபிஓ சான்றுத் திட்டத்தில் தேர்வு எழுதவே முன்தகுதி வேண்டும். ஐந்து ஆண்டு அனுபவம் இருந்தால் போதும். மூன்று ஆண்டு என்றால் கூடவே 60 மணி நேரப் பயிற்சி, இரண்டு ஆண்டு என்றால் 100 மணி நேரம், அனுபவமே இல்லையென்றால் 180 மணி நேரம். தேர்வில் 150 கேள்விகள். பிரான்சில் சிஎன்ஐஎல் ஆணையம் 2018-இல் வெளியிட்ட வரையறையில் 17 திறன்கள் பட்டியலிடப்பட்டுள்ளன. தரவுப் பாதுகாப்புப் பணியில் இரண்டு ஆண்டு அனுபவம், அல்லது வேறு துறையில் இரண்டு ஆண்டும் 35 மணி நேரப் பயிற்சியும் வேண்டும். குறைந்தது 100 கேள்விகள். மொத்தத்தில் 75 சதவீதம், ஒவ்வொரு பகுதியிலும் குறைந்தது 50 சதவீதம் எடுத்தால்தான் தேர்ச்சி. சட்டத்தில் நூறு வாங்கிவிட்டுத் தொழில்நுட்பப் பகுதியில் கோட்டைவிட்டால் சான்று இல்லை. இரண்டு நாடுகளிலும் சான்றின் ஆயுள் மூன்று ஆண்டு. சான்று இல்லாமலும் டிபிஓவாகப் பணியாற்றலாம் என்பதும் இரண்டுக்கும் பொது.

இனி உங்களுக்கு வந்த விளம்பரத்தை இவற்றோடு ஒப்பிடுங்கள். 'ஆயுள் முழுக்க' என்ற சொல்லே போதும். 17024 முறையில் மறுசான்று கட்டாயம். காலாவதி ஆகாத சான்று அந்த முறைக்குள் வராது. அடுத்து, வகுப்பு நடத்துபவரே தேர்வும் வைத்துச் சான்றும் தருகிறார். ஒரே அமைப்பு பயிற்சியும் சான்றும் தருவது நடுநிலைக்கு அச்சுறுத்தல் என்றுதான் அந்தத் தரநிலை பார்க்கிறது. அந்த அபாயத்தை எப்படிக் கட்டுப்படுத்துகிறார்கள் என்று காட்ட வேண்டியது அவர்கள் பொறுப்பு. 'ஜிடிபிஆர் அங்கீகரித்த டிபிஓ' என்று எழுதியிருந்தால் அது தவறான விளம்பரம். சட்டத்தின் 42-ஆம் பிரிவில் வரும் சான்றிதழ், தரவைக் கையாளும் செயல்பாடுகளுக்கானது. ஆட்களுக்கு அந்தப் பிரிவில் சான்று கிடையாது. ஐஎஸ்ஓ/ஐஇசி 27701-உம் அப்படியே: அது நிறுவனத்தின் மேலாண்மை முறைக்குத் தரப்படுவது, உங்கள் பெயருக்கு அல்ல.

அவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள்: உங்களை அங்கீகரித்த தேசிய அமைப்பு எது, அந்த அங்கீகாரத்தின் வரம்பில் இந்தக் குறிப்பிட்ட சான்று இருக்கிறதா, சான்று பெற்றவரின் பெயரை மூன்றாம் நபர் எங்கே சரிபார்க்கலாம், புகார் வந்தால் சான்றைத் திரும்பப் பெறும் நடைமுறை உண்டா? இரண்டாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். வேறு ஏதோ ஒரு சான்றுக்கு அங்கீகாரம் வாங்கிவிட்டு, அதே முத்திரையை எல்லாப் படிப்பிலும் பதிப்பவர்கள் உண்டு. அங்கீகரித்த அமைப்பின் தளத்துக்கே போய் வரம்பைப் படிப்பதுதான் சரியான சோதனை.

சான்று வாங்கியே ஆக வேண்டும் என்றால், தனியுரிமைத் துறையினரின் சர்வதேசச் சங்கமான ஐஏபிபி தரும் சிஐபிபி/இ சான்று பல நாட்டு வாடிக்கையாளர்களுக்கும் அறிமுகமானது. அது ஐரோப்பியச் சட்ட அறிவைச் சோதிக்கும். நிறுவனத்தில் தனியுரிமைத் திட்டத்தை நடத்தும் திறனுக்கு அவர்களுடைய சிஐபிஎம் சான்று. தகவல் பாதுகாப்பில் இருந்து வருபவருக்கு இடைவெளி சட்டத்தில்தான் இருக்கும் என்பதால் முதலாவதில் தொடங்குங்கள். இரண்டு ஆண்டுக்கு 20 மணி நேரத் தொடர்கல்வி காட்டினால்தான் ஒவ்வொரு சான்றையும் தக்கவைக்க முடியும். ஐரோப்பியத் தரநிலையான இஎன் 17740:2023 இத்துறைப் பணிகளுக்கான அறிவையும் திறனையும் வரையறுக்கிறது. எதைப் படிக்க வேண்டும் என்று திட்டமிட அதை வைத்துக்கொள்ளலாம்.

இத்தனையும் ஒருபுறம் இருக்கட்டும். ஒரு டிபிஓவின் தரத்தை ஆணையங்கள் சோதிக்கும்போது பார்ப்பது அவருடைய சுதந்திரம், நேரம், கோப்பு மூன்றையும்தான். 2023-இல் ஐரோப்பிய ஆணையங்கள் 25 சேர்ந்து டிபிஓக்களின் நிலையை ஆராய்ந்தன. 17,000-க்கு மேற்பட்ட பதில்கள் வந்தன. 2024 ஜனவரியில் வந்த அறிக்கை அடுக்கிய குறைகளில் போதாத பயிற்சியும் உண்டு. அதோடு போதாத நேரமும் பணமும், சட்டம் சொன்ன பணிகளை அவரிடம் ஒப்படைக்காதது, நலன் முரண், உயர் நிர்வாகத்துக்கு அறிக்கை போகாதது எல்லாம் இருந்தன. சான்றிதழை மாட்டி இவற்றைச் சரிசெய்ய முடியாது.

இப்போது உங்கள் இரட்டைப் பொறுப்பு. வேண்டாம் என்பதே என் கருத்து.

பிரிவு 38(6) டிபிஓ வேறு வேலையும் பார்ப்பதைத் தடுக்கவில்லை. நலன் முரண் வரக் கூடாது என்கிறது. 2023 பிப்ரவரியில் எக்ஸ்-ஃபேப் டிரெஸ்டன் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் அளவுகோலைச் சொன்னது: தனிநபர் தரவை எதற்காக, எந்த வழியில் கையாள்வது என்று தீர்மானிக்கும் வேலை டிபிஓவிடம் இருக்கக் கூடாது. ஒவ்வொரு நிறுவனத்திலும் நிலைமையைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். ஐரோப்பிய ஆணையங்களின் 2017 வழிகாட்டுதல், முரண் வரக்கூடிய பதவிகளாக நிதித் தலைவர், சந்தைப்படுத்தல் தலைவர், மனிதவளத் தலைவர், தகவல் தொழில்நுட்பத் தலைவர் போன்றோரைக் குறிப்பிட்டது. பெல்ஜிய ஆணையம் 2020-இல் ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்துக்கு 50,000 யூரோ அபராதம் விதித்தது. இணக்கம், இடர், உள்தணிக்கை ஆகிய துறைகளின் தலைவரே டிபிஓவாகவும் இருந்தார் என்பதுதான் காரணம். பெர்லின் ஆணையம் 2022-இல் ஒரு மின்வணிகக் குழுமத்தின் கிளை நிறுவனத்துக்கு விதித்தது 5,25,000 யூரோ. அந்தக் கிளை நிறுவனத்தின் டிபிஓ, தான் நிர்வகித்த சேவை நிறுவனங்களையே கண்காணித்து வந்தார்.

தகவல் பாதுகாப்பு மேலாளர் என்ன செய்கிறார்? ஊழியர்களின் கணினி நடவடிக்கைப் பதிவை எத்தனை நாள் வைப்பது, மின்னஞ்சலை வடிகட்டும் மென்பொருள் எது, யாருடைய திரையைக் கண்காணிப்பது என்று தீர்மானிக்கிறார். இவை எல்லாமே தனிநபர் தரவைக் கையாளும் முடிவுகள். காலையில் நீங்கள் போட்ட கையெழுத்தை மாலையில் நீங்களே தணிக்கை செய்ய வேண்டி வரும். தரவுக் கசிவு நடந்தால் இன்னும் மோசம். உங்கள் துறையின் தவறால் கசிந்ததா என்று விசாரித்து, ஆணையத்துக்கு எழுதும்போது அருகில் இருந்து ஆலோசனை சொல்லப்போவதும் நீங்கள்தான்.

நிர்வாகத்தோடு பேசப் போகும் முன் ஒரு வேலை செய்யுங்கள். கடந்த 12 மாதங்களில் நீங்கள் ஒப்புதல் அளித்த கொள்முதல்கள், கொள்கைகள், அணுகல் விதிகளைப் பட்டியலிடுங்கள். தனிநபர் தரவைத் தொடும் ஒவ்வொன்றின் எதிரிலும் 'நான் முடிவெடுத்தேன்' அல்லது 'நான் யோசனை மட்டும் சொன்னேன்' என்று குறியுங்கள். முதல் வகை ஒன்றிரண்டுக்கு மேல் இருந்தால் அந்தத் தாளே உங்கள் வாதம். ஒப்புதல் அதிகாரத்தை வேறொருவருக்கு மாற்றிவிட்டு நீங்கள் டிபிஓ ஆகலாம். அல்லது சட்டம், தரக் கட்டுப்பாடு பக்கம் முடிவெடுக்கும் அதிகாரம் இல்லாத ஒருவரை நியமிக்கலாம். அல்லது வெளியிலிருந்து ஒப்பந்தத்தில் எடுக்கலாம், பிரிவு 37(6) அதை அனுமதிக்கிறது. வெளி நிறுவனம் என்றால் உங்களுக்கான பொறுப்பாளர் யார் என்று ஒரே ஒருவர் பெயரை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். இல்லையென்றால் மாதத்துக்கு ஒரு புதுக்குரல்தான் பேசும். அந்த நிறுவனமே ஐரோப்பாவில் உங்கள் பிரதிநிதியாகவும் இருக்க முன்வந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பிரிவு 27-இன் பிரதிநிதி நிறுவனத்தின் கட்டளைப்படி நடப்பவர், டிபிஓ கட்டளை ஏற்கக் கூடாதவர். இரண்டும் ஒருவரிடம் பொருந்தாது.

இன்னொன்றையும் முதலில் பார்த்துவிட வேண்டும்: உங்களுக்கு டிபிஓ கட்டாயமா? உங்கள் நிறுவனத்துக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் கிளை இருக்கிறதா என்று எழுதவில்லை. கிளை இல்லாமல் அங்குள்ள முதலாளிகளுக்காகச் சம்பளக் கணக்கு மட்டும் பார்க்கிறீர்கள் என்றால், பெரும்பாலும் அவர்கள் உங்களோடு போடும் பிரிவு 28 ஒப்பந்தத்தின் வழியாகத்தான் கடமைகள் வந்து சேரும். சட்டம் நேரடியாகப் பொருந்தினால், உங்களைப் போல மற்றவருக்காகத் தரவைக் கையாள்பவருக்கும் பிரிவு 37 பொருந்தும். நோய் விடுப்பு, தொழிற்சங்கச் சந்தா போன்ற உணர்திறன் மிக்க தகவல்களைப் பெரிய அளவில் கையாள்வது உங்கள் மையத் தொழிலின் பகுதி என்றால் டிபிஓ கட்டாயமாகும் வாய்ப்பு அதிகம். கட்டாயம் இல்லாதபோதும் ஒருவருக்கு அந்தப் பட்டத்தைச் சூட்டிவிட்டால் 37 முதல் 39 வரையான பிரிவுகள் முழுவதும் பொருந்தும். அந்தச் சுமை வேண்டாம் என்றால் வேறு பதவிப் பெயர் வையுங்கள். வாடிக்கையாளரிடமும் அவர் டிபிஓ அல்ல என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

மற்ற நாடுகளின் விதி வேறு. இந்தியாவின் 2023 சட்டத்தில், மத்திய அரசு 'முக்கியத் தரவுப் பொறுப்பாளர்' என்று அறிவிக்கும் நிறுவனங்களுக்குத்தான் டிபிஓ கட்டாயம். அவர் இந்தியாவில் இருக்க வேண்டும், இயக்குநர் குழுவுக்குப் பதில் சொல்ல வேண்டும். தேர்வோ பட்டமோ சட்டத்தில் குறிப்பிடப்படவில்லை. மலேசியாவில் 2025 ஜூன் 1 முதல், 20,000 பேருக்கு மேல் தரவு வைத்திருக்கும் நிறுவனங்களும், உணர்திறன் மிக்க தரவு என்றால் 10,000 பேருக்கு மேல் வைத்திருப்பவையும் டிபிஓவை நியமித்து 21 நாளுக்குள் ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும். சிங்கப்பூரில் எல்லா நிறுவனங்களும் ஒருவரையாவது நியமித்துத் தொடர்பு விவரத்தை வெளியிட வேண்டும்.

யார் பொறுப்பேற்றாலும் நியமனக் கடிதத்தை ஒரு பக்கத்தில் முடித்துவிடாதீர்கள். உயர் நிர்வாகத்துக்கு நேரடி அறிக்கை, பணியில் யாரும் கட்டளையிடாமை, கடமையைச் செய்ததற்காக நீக்கமோ தண்டனையோ இல்லை என்ற உறுதி, எல்லா அமைப்புகளுக்கும் ஆவணங்களுக்கும் அணுகல், இரகசியக் கடமை, விடுப்பில் மாற்று ஆள், பட்ஜெட், நேரம் எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். 'மற்ற வேலைகளுக்கு இடையே' என்ற சொற்றொடர் எங்கே இருந்தாலும் அடித்துவிடுங்கள். நேரத்தை எண்ணாக எழுதுங்கள். ஓர் உதாரணக் கணக்கு: தரவைக் கையாளும் 60 செயல்பாடுகளின் பதிவுகளை ஆண்டுக்கு ஒருமுறை பார்க்க, தலா 2 மணி, 120. எட்டுத் தாக்க மதிப்பீடுகளுக்கு (தரவைக் கையாள்வதால் தனிநபர்களுக்கு வரும் அபாயத்தை முன்கூட்டியே ஆராய்வது) ஆலோசனை, தலா 15, இன்னொரு 120. ஒப்பந்தங்கள் 24, தலா 3, 72. தங்கள் தரவு பற்றித் தனிநபர்கள் அனுப்பும் சிக்கலான கோரிக்கைகள் 40, தலா ஒன்றரை, 60. நான்கு உள்ளாய்வுகள், தலா 25, 100. ஊழியர் பயிற்சி 40, சொந்தப் படிப்பு 40, கூட்டங்கள் 48, ஆண்டறிக்கை 20. கூட்டினால் 620 மணி. ஆண்டுக்கு 1,700 மணி நேரம் வேலை என்றால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். கசிவு எதுவும் நடக்காத ஆண்டின் கணக்கு இது. வாரத்துக்கு அரை நாள் ஒதுக்கும் நிர்வாகத்தின் முன் இந்தக் கூட்டலை வையுங்கள்.

தரத்தைக் கண்ணால் பார்க்கும் இடம் ஆலோசனைப் பதிவேடு. விரிதாள் போதும். ஒரு வரி இப்படி இருக்க வேண்டும்:

'எண் 14. கேட்டவர்: தயாரிப்புக் குழுத் தலைவர். விஷயம்: சம்பளச் சீட்டுச் செயலியில் முக அடையாள உள்நுழைவு, முக வார்ப்பு (முகத்தை அடையாளம் காண எடுத்த அளவுப் பதிவு) நம் சர்வரில் சேமிக்கப்படும். பார்த்த ஆவணம்: வடிவமைப்புக் குறிப்பு, இரண்டாம் பதிப்பு. ஆலோசனை: வார்ப்பு சர்வருக்கு வரக் கூடாது, கைபேசிக்குள்ளேயே ஒப்பிடலாம். ஊழியரின் சம்மதத்தை மட்டும் நம்ப முடியாது, முதலாளியிடம் மறுக்கும் நிலையில் அவர் இல்லை. கடவுச்சொல் வழி எப்போதும் திறந்திருக்க வேண்டும். நிர்வாக முடிவு: முதலும் மூன்றாவதும் ஏற்பு. சம்மதம் பற்றியது ஏற்கப்படவில்லை, காரணம் இணைப்பில். மறுபார்வை: ஆறு மாதத்தில்.'

கேட்டவர், பார்த்த ஆவணம், சொன்னது, ஏற்காததன் காரணம் என நான்கும் இருப்பதால் மூன்று ஆண்டு கழித்தும் இந்த வரி பேசும். 'ஆலோசனை வழங்கப்பட்டது, சரி' என்ற வரி பேசாது. ஏற்காத ஆலோசனை ஒன்றுகூட இல்லாத பதிவேட்டையும் நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

அடிக்கடி நடக்கும் தவறு இன்னொன்று: தாக்க மதிப்பீட்டை டிபிஓவே உட்கார்ந்து எழுதிவிட்டு, கடைசிப் பக்கத்தில் 'டிபிஓ கருத்து' என்று தானே கையெழுத்திடுவது. பிரிவு 35-இன்படி மதிப்பீடு செய்வது நிறுவனத்தின் வேலை. டிபிஓவிடம் ஆலோசனை கேட்பது தனிப் படி. திட்டக் குழு எழுதட்டும், டிபிஓ ஓரத்தில் குறிப்பெழுதட்டும். அதேபோல் 72 மணி நேரக் கெடு. அது கசிவை ஆணையத்துக்கு அறிவிக்க உங்கள் வாடிக்கையாளருக்கு உள்ள கெடு. தரவைக் கையாள்பவரான நீங்கள் தெரிந்ததும் தாமதமின்றி அவருக்குச் சொல்ல வேண்டும். ஒப்பந்தத்தில் 24 மணி நேரம் என்றுகூட இருக்கலாம். முதல் எச்சரிக்கை எத்தனை மணிக்கு, யாருக்கு வந்தது என்பதை அந்த நிமிடமே குறிப்பவர் யார் என்று இப்போதே தீர்மானியுங்கள். பின்னால் உட்கார்ந்து நேரத்தை ஊகிப்பதில்தான் வழக்குகள் தோற்கின்றன.

தொடர்பு முகவரியாகத் தனிநபரின் மின்னஞ்சலைக் கொடுக்காதீர்கள். பதவிக்கென்று ஒரு முகவரி வைத்து, இருவர் படிக்கும்படி அமையுங்கள். டிபிஓ வேலையை விட்டுப் போனபின், ஆணையம் பழைய முகவரிக்குக் கடிதம் அனுப்பி, பதிலே வராமல் விசாரணை தொடங்குவது முற்றிலும் தவிர்க்கக்கூடிய விபத்து. ஆள் மாறும் நாளன்றே இணையதளம், ஆணையப் படிவம், தனியுரிமை அறிவிப்பு, வாடிக்கையாளர் ஒப்பந்தங்கள் நான்கிலும் மாற்றுங்கள்.

வாடிக்கையாளரின் படிவத்துக்குப் பதில் இப்படி எழுதலாம், உண்மைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்: 'ஜிடிபிஆரில் டிபிஓவுக்குத் தொழில் உரிமமோ கட்டாயத் தனிநபர் பதிவோ இல்லை. எங்கள் டிபிஓவின் பதவித் தொடர்பு முகவரி இது. பிரிவு 37(7)-இன்படி அறிவித்ததற்கான ஒப்புகை இணைப்பில். அவர் இயக்குநர் குழுவுக்கு நேரடியாக அறிக்கை அளிக்கிறார். நலன் முரண் ஆய்வு இந்தத் தேதியில் செய்யப்பட்டது. அவருடைய தகுதியும் தொடர்கல்விப் பதிவும் இணைப்பில்.' இன்னும் நியமனம் ஆகவில்லை என்றால், 'நியமன நடைமுறை நடக்கிறது, இந்தத் தேதிக்குள் முடியும்' என்று எழுதுங்கள். படிவத்தில் 'ஆம்' என்ற கட்டத்தைக் குறிப்பதற்காக உங்கள் பெயரைப் போடச் சொன்னால், உங்கள் 12 மாதப் பட்டியலை இணைத்து எழுத்தில் மறுத்துவிடுங்கள். அந்தப் படிவம் ஒப்பந்தத்தின் இணைப்பாகப் போகும். அதில் தவறான தகவல் இருந்தால் வாடிக்கையாளர் ஒப்பந்த மீறல் என்று கேட்கும்போது நிறுவனத்தோடு உங்கள் பெயரும் அந்தத் தாளில் இருக்கும்.